சந்தனம் தொடாத வட்டம்

“போட்டேங்கிறேன். என் கையால, இந்தக் கையால—”

“போட்டிருந்தா எங்க அது? நட்டு இருக்கு, சக்கரம் இருக்கு, வாஷர் மட்டும்—”

“—புதுசு, காகிதத்தைப் பிரிச்சு எடுத்து—”

“—இறக்கை முளைச்சுப் பறந்துடுச்சா?”

“அரவிந்தன் சார், நான் பேசி முடிச்சுடறேன்—”

“சாரா? இவ்வளவு நாளும் தம்பி. இன்னைக்கு சாரா, பாய்?”

அதோடு இருவரும் நின்றுவிட்டார்கள். கொட்டகைக்குள் டீசல் வாடை மட்டும் மிஞ்சியது.

“அப்பாடா,” என்றான் மூஸா, கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்தபடி. “நீடாமங்கலம் கேட்டுல ரெண்டு பக்கமும் நின்னு ஹாரன் அடிக்கிற மாதிரியே இருந்துச்சு. ரயில்தான் வரல.”

“நீ கொஞ்சம் வாயை மூடு,” என்றாள் கயல்விழி.

“மூடறேங்க்கா. கேட்டே மூடுது, நான் மூட மாட்டேனா?”

கயல்விழி மகளிர் காவல் நிலையத்தில் ஏட்டாக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவள். இப்போது நீடாமங்கலத்தில், அதே ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில், உரக்கடை மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறாள். முன்னறை அலுவலகம், பின்னறை வீடு. இரண்டிலும் அவள் ஒருத்திதான். பகலில் மட்டும் உதவியாளன் மூஸா. பொழுது சாய்ந்ததும் அவனும் கூத்தாநல்லூர் பஸ் ஏறிவிடுவான்.

அந்தக் கூத்தாநல்லூரிலிருந்துதான் மெக்கானிக் ஜெய்னுலாபுதீன் அவளைத் தேடி வந்தார். கோரையாற்றங்கரையில் அரவிந்தனுடைய வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் டீசல் என்ஜினை வருடக்கணக்காகப் பார்த்துவருகிறவர். மேட்டூர் அணையை மூடியாகிவிட்டது. ஆற்றில் தண்ணீர் தரைதட்டிவிட்டது. சம்பா பால் பிடிக்கிற நேரம். மழைக்குப் பிறகு முதல் தடவையாக என்ஜினை ஓடவிட்ட அன்று, அதன் பெரிய சக்கரம் தண்டிலிருந்து கழன்று, கீற்றுத் தட்டியைப் பிய்த்துக்கொண்டு வெளியே பாய்ந்து, மடை வாயில் நின்ற பண்ணையாள் செல்லதுரையின் காலை முறித்துவிட்டது. செல்லதுரை தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். மெக்கானிக் சரியாக வாஷர் போடாததுதான் காரணம் என்று அரவிந்தன் ஸ்டேஷனில் சொல்லியிருக்கிறான். நாளைக் காலையில் வழக்குப் பதிவு. அது மட்டும் ஏறிவிட்டால், இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஜெய்னுலாபுதீன் கையில் ஸ்பானர் கொடுக்க ஒரு விவசாயியும் இருக்கமாட்டான்.

“மாமா,” என்றாள் கயல்விழி. மூஸா அவரை அப்படிக் கூப்பிடுவதால் அவளுக்கும் அதுவே வந்தது. “இந்த வாஷர் என்ன பண்ணும்? ஒண்ணும் தெரியாதவளுக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க.”

ஜெய்னுலாபுதீன் பைக்குள் கைவிட்டு, உள்ளங்கையளவு வட்டத் தகடு ஒன்றை எடுத்தார். நடுவில் துளை, ஓரத்தில் ஒரு சின்னக் காது.

“இதாம்மா லாக் வாஷர். என்ஜின் அதிருற அதிர்வுக்கு எந்த நட்டும் கொஞ்சங் கொஞ்சமாப் பின்னால திரும்பும். திரும்பாமப் பிடிச்சுக்கிறது இது. இந்தக் காதைச் சக்கரத்துல இருக்கிற குழியில உக்கார வைக்கணும். அப்ப வாஷர் சுத்தாது. மேல நட்டைப் போட்டு, சுத்தியலால ஸ்பானரைத் தட்டி முடுக்கணும். அப்புறம் இந்த விளிம்புல ஒரு பக்கத்தை உளியால நெம்பி, உதடு மாதிரி மேல மடக்கி, நட்டோட தட்டைப் பக்கத்துல ஒட்ட அடிக்கணும். மூலையில இல்ல, தட்டையில. அப்பத்தான் பிடி.”

“நட்டு மாப்பிள்ளை, வாஷர் மச்சான்,” என்றான் மூஸா. “மாப்பிள்ளை ராத்திரியோட ராத்திரியா ஓடிப்போகாம வேட்டியப் பிடிச்சுக்கிறவன்.”

“கழட்டினா அதையே திரும்பப் போடலாமா?”

“கூடாதும்மா. ஒருதரம் மடக்கி நிமித்தின தகடு மறுபடி மடக்கினா அந்த இடத்துலயே வெடிச்சுடும். ஒவ்வொரு தடவையும் புதுசுதான். ஆயுத பூசைக்கு முந்தின நாள் சக்கரத்தை இறக்கி ஆயில் சீல் மாத்தினேன். புதுசு போட்டேன். அரவிந்தன் சார்தான் டார்ச் பிடிச்சுக்கிட்டு நின்னாரு.”

அரவிந்தன் திரும்பவில்லை. நாற்பதை நெருங்குகிற ஆள். துவைத்த சட்டை, சரியாக வாரிய தலை. ஆனாலும் சட்டையின் மேல் பட்டன் ஒன்று இல்லை, யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

“டார்ச் பிடிச்சேன்,” என்றான். “கண்ணு அங்கேயே இருந்துச்சுன்னு சொல்ல முடியுமா? பேசிக்கிட்டு இருந்தோம்.”

“பூசைக்கும் விபத்துக்கும் நடுவுல மாமா இங்க வந்தாரா?”

“இல்ல. மழை பிடிச்சுக்கிச்சு. ஆறு நிறையத் தண்ணி. என்ஜினுக்கு வேலை இல்ல.” அவன் தட்டிக் கிழிசலின் வழியாக வயலைப் பார்த்தான். “ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. யாரும் வரல.”

“பூசை யாரு போட்டா?”

“நான்தான். வேற யாரு இருக்கா? அண்ணன் மெல்போர்ன்ல. வீடியோவுல பாத்தாரு. சூடம் ஏத்துறதுக்குள்ள அவருக்கு மீட்டிங் வந்துடுச்சு. சந்தனம் நிறையக் குழைச்சுட்டேன், அம்மா இருந்தப்பக் குழைக்கிற அளவு. மிஞ்சினதையெல்லாம் சக்கரத்துமேல அப்பிட்டேன்.”

“கல்யாணம்?” என்றான் மூஸா.

“பாத்தாங்க. நிலம் இருக்கான்னாங்க, இருக்குன்னேன். வீடு இருக்கான்னாங்க, இருக்குன்னேன். அப்ப மாப்பிள்ளை சென்னையில என்ன பண்றாருன்னாங்க.”

மூஸா சிரிக்க வாய் திறந்து, கயல்விழி முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான்.

அவள் சக்கரத்தின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். போலீஸ் வந்து படம் எடுத்துக்கொண்டு, இனி ஓட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிப் போனபின், அதைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். நடுவில் தண்டு நுழையும் துளை. அதைச் சுற்றிக் காய்ந்து வெடித்த சந்தனப் பற்று, மேலே கருத்துப்போன குங்குமம்.

“நட்டு எங்க?”

ஆணியில் மாட்டியிருந்த நட்டை அரவிந்தன் எடுத்துக் கொடுத்தான். தன் பக்கத்துச் சாட்சி என்று பத்திரப்படுத்தியிருந்தான்.

“மாமா, இந்த நட்டைத் துளைமேல வைங்க.”

வைத்தார். நட்டின் ஓரத்துக்கும் சந்தனத்தின் ஓரத்துக்கும் நடுவில் ஒரு விரலகலம் வெறும் இரும்பு பளபளத்தது, சுற்றிலும்.

“அரவிந்தன், வாஷர் இல்லாம வெறும் நட்டு மட்டும் இருந்திருந்தா, நீங்க அப்பின சந்தனம் நட்டை ஒட்டித்தானே நிக்கணும்? இந்த விரலகலத்தை எது மறைச்சுச்சு? மாமா, இப்ப அந்தப் புது வாஷரை வைங்க.”

ஜெய்னுலாபுதீன் நட்டை எடுத்துவிட்டுத் தகட்டை வைத்தார். காது குழிக்குள் போனது. வட்டம், டப்பாவுக்கு மூடி போட்டதுபோல் சந்தனத்தின் உள்விளிம்போடு பொருந்தி உட்கார்ந்தது. ஒரே ஒரு பக்கம் மட்டும் தகடு சந்தனத்தின்மேல் ஏறிக்கொண்டது.

“அங்க மட்டும் இடிக்குதேக்கா,” என்றான் மூஸா.

“அதுதான் உதடு!” ஜெய்னுலாபுதீனின் குரல் உடைந்தது. “மடக்கினா அந்தப் பக்கம் எந்திரிச்சு நட்டுமேல சாஞ்சுக்கும். கீழ இரும்பு திறந்துக்கும். அந்த இடத்துல சந்தனம் உள்ள வரும். வந்திருக்கு பாருங்கம்மா. போட்டும் இருந்தேன், மடக்கியும் இருந்தேன்!”

மூஸா கைப்பேசியில் நாலு பக்கமும் படம் எடுத்தான். “போலீஸுக்கு சாட்சி வேணுமாம். சாமிக்கு வச்சதே சாட்சிக்கு வந்துடுச்சு.”

அரவிந்தன் வாயைத் திறந்தான். “அப்ப… அதுக்கப்புறம் எவனோ…”

“எவனோ,” என்றாள் கயல்விழி. “மாமா, கொஞ்சம் வெளியில வாங்க.”

•

வரப்பில் மூவரும் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடிந்தது. இரண்டு பக்கமும் கதிர். வேரில் தரை வெடிக்கத் தொடங்கியிருந்தது. கண்ணுக்கெட்டிய வரை ஒரு ஆள் இல்லை. தூரத்தில் ஒரு கொக்கு, அதுவும் தனியாக.

“திருடனா இருக்குமோ?” என்றான் மூஸா.

“சக்கரத்தை விட்டுட்டு வாஷரைத் திருடுறவனா?”

“அப்ப செல்லதுரை?”

“தன் காலைத் தானே முறிச்சுக்கவா? மாமா, போன குறுவையில இந்த என்ஜின் எத்தனை தடவை நின்னுச்சு?”

“அது கெடக்கு, சீக்காளி என்ஜின். ஒருநாள் டீசல் பைப்புல காத்து புகுந்துடும். ஒருநாள் பெல்ட் நழுவிடும். ஒருநாள் டீசல் பைப்பு முனையில ஒரு செப்பு வாஷர் காணாமலே போச்சு. எல்லாம் சில்லறை வேலை. வந்து கைய வச்சா ஓடிடும்.”

“எங்க மாமியாருக்கும் இதே மாதிரிதான்,” என்றான் மூஸா. “மருமகன் போய் நின்னா நோவு தீந்துடும்.”

கயல்விழி நின்றாள். பின்னால் வந்த மூஸா அவள் முதுகில் மோதிக்கொண்டான்.

“மாமா, போன் வந்து எவ்வளவு நேரத்துல வருவீங்க?”

“கூத்தாநல்லூர்லேர்ந்து கால் மணி நேரம்தான். வண்டியில வந்துடுவேன். வேலை முடிஞ்சா அங்கேயே சாப்பாடு. விடமாட்டாரு. எனக்குக் கொடுவா மீன்னா உசுருன்னு எப்பவோ ஒருதரம் சொன்னேன். பூம்புகார்லேர்ந்து ஐஸ் பெட்டி வச்சுக்கிட்டு பைக்குல மீன்காரன் காலையில வருவான்ல, அவன்கிட்ட வாங்கி, நல்லாப் புளி ஊத்தி… எங்க வீட்டுல ஷமா கேட்டா கோவிச்சுக்குவா, அப்படி ஒரு குழம்பு. சூடா இருக்காது. ஆறி, எண்ணெய் மேல மிதந்து, பதமா…”

சொல்லிக்கொண்டே வந்தவர் குரல் தேய்ந்தது.

“மீன் குழம்பு கொதிச்சு ஆற எவ்வளவு நேரம் ஆகும், மாமா?”

அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார்.

“நீங்க வர்றது கால் மணி நேரத்துல. குழம்பு அதுக்கு முன்னாடியே ஆறியிருக்கு. அப்ப என்ஜின் நிக்கிறதுக்கு முன்னாடியே குழம்பு கொதிச்சிருக்கு. என்ஜின் நிக்கப்போகுதுன்னு அடுப்புக்கு முதல்ல தெரிஞ்சிருக்கு.”

“யா அல்லா,” என்றான் மூஸா. அதற்குமேல் அவனுக்கும் வேடிக்கை வரவில்லை.

“செல்லதுரைக்கு அடிபட்ட அன்னைக்கு?”

“அன்னைக்கு…” ஜெய்னுலாபுதீன் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். “சேதி கேட்டு ஓடியாந்தேன். அன்னைக்கு அடி பிடிச்சுப் போச்சும்மா. ஆம்புலன்ஸ் போனப்புறம் வீட்டுக்குள்ள கருகின வாடை. நான்தான் போய் அடுப்பை நிறுத்தினேன். கொடுவா.”

“அன்னைக்கு மட்டும் ஆறல. ஏன்னா செல்லதுரை அவர் நினைச்சதுக்கு முன்னாடியே வந்து என்ஜினைச் சுத்திட்டான்.”

கொக்கு எழுந்து பறந்தது. அது போனபிறகு அந்த வெளியில் அசைய ஒன்றும் இல்லை.

“என்கிட்ட சொல்லியிருந்தா,” என்றார் ஜெய்னுலாபுதீன், மெல்ல. “ஒரு போன். ‘பாய், சும்மா வாங்க’ன்னு ஒரு வார்த்தை. வந்திருப்பேனே.”

“வந்திருப்பீங்களா?” என்று கேட்டாள் கயல்விழி.

அவர் யோசித்தார். “பட்டறை இருக்கு. சீசன் நேரம். வேலை இல்லாம எப்படி…” தானே நிறுத்திக்கொண்டார்.

“எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?” மூஸா கிசுகிசுத்தான். “குழம்பு ஆறுறதை வச்சு?”

“தனி ஆளா இருந்துக்கிட்டு ரெண்டு பேருக்குச் சமைக்கிறவங்களை நான் பாத்திருக்கேன்.”

“எங்க?”

“கண்ணாடியில.”

•

அவர்கள் விட்டுப்போன இடத்திலேயே அரவிந்தன் நின்றான். கொட்டகையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்தன. ஒன்றின் கைப்பிடி முழுக்கப் பழைய கிரீஸ் கறை. அது யாருடைய நாற்காலி என்று யாரும் சொல்லவேண்டியதில்லை. அவன் மற்றொன்றில்கூட உட்காரவில்லை.

“வாஷர் எங்க, அரவிந்தன்?” என்றாள் கயல்விழி.

“எனக்கெப்படி…” அவன் ஜெய்னுலாபுதீனின் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தில் கோபத்தைத் தேடினான்; அது இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். இல்லை. கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது.

தகட்டை எடுத்து நீட்டினான். மடக்கி நிமிர்த்திய உதட்டில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்திருந்தது.

“ஆத்துல போடத்தான் போனேன். கை வரல. அன்னையிலேர்ந்து பையிலயே கெடக்குது.”

“சொல்லுங்க.”

“சொல்ல என்ன இருக்கு? மேட்டூரை மூடிட்டாங்கன்னு செய்தியில சொன்னப்ப எல்லாரும் திட்டினாங்க. நான்…” வயல் பக்கம் திரும்பிக்கொண்டான். “எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. இனிமே என்ஜின் ஓட்டணும், பாய் வருவாருன்னு. பைப்பு, பெல்ட்டுன்னு எத்தனை தடவைதான் பண்றது, சந்தேகம் வந்துடும்னு, இதை எடுத்தேன். உதட்டை நெம்பி நிமித்தத் தெரியும், டார்ச் பிடிச்சுப் பிடிச்சுப் பாத்ததுதானே. நட்டைத் திரும்பக் கையால முடுக்கி, ஸ்பானர்ல லேசா ஒரு இழு. கொஞ்சம் ஆடும், கடகடன்னு சத்தம் வரும், நிறுத்திட்டு போன் பண்ணலாம்னு நினைச்சேன். நானேதான் சுத்தணும்னு இருந்தேன். குழம்பு இறக்கிட்டுப் போகலாம்னு உள்ள நின்னேன். செல்லதுரை அண்ணன் வெள்ளன வந்து…”

“சத்தம் கேட்டப்ப?”

“கரண்டி கையில இருந்துச்சு.”

மூஸா வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அதுக்கப்புறம் போலீஸ்ல ஏன் என் பேரைச் சொன்னே?” ஜெய்னுலாபுதீன் கேட்டார். கேட்டபிறகுதான், பழைய ‘நீ’ திரும்பி வந்துவிட்டதை உணர்ந்தவர்போல் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

“அவங்க கேட்டாங்க, வாஷர் எங்கன்னு. ஸ்டேஷன்ல அத்தனை பேர் நிக்கிறாங்க. ‘ஒரு ஆளு வந்து பேசணும்னு நான்தான் கழட்டினேன்’னு எப்படிச் சொல்றது பாய்? வாயில வரல. ‘மெக்கானிக் போடல’ன்னு வந்துடுச்சு.”

“அதைத்தான் நாளைக்குச் சொல்லப்போறீங்க,” என்றாள் கயல்விழி. “கழட்டினதையும் சொல்லணும், பேரை மாத்திச் சொன்னதையும் சொல்லணும். முதல்ல தஞ்சாவூருக்குப் போய் செல்லதுரைகிட்ட. அப்புறம் ஸ்டேஷன்ல. நான் கூட வர்றேன்.”

“செல்லதுரை அண்ணன் முகத்தை எப்படிப் பாக்கிறது?”

“பாத்துத்தான் ஆகணும்.”

அவன் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலில் ஒரு ஆறுதலும் இருந்தது, பாரம் இறக்கியவனுக்கு வருவது. உடனே அதுவும் போனது. ஜெய்னுலாபுதீன் பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“மாமா,” என்றான் மூஸா. “வேலைதான் முடிஞ்சுதே. உங்க பேரு சுத்தம். கிளம்புவோம், இருட்டிடும்.”

ஜெய்னுலாபுதீன் தட்டிக் கிழிசலின் வழியே பயிரைப் பார்த்தார். வெடித்த தரையைப் பார்த்தார். கட்டிய பையை அவிழ்த்தார்.

“பயிர் என்ன பாவம் பண்ணுச்சு? மூஸா, ஒரு கை கொடு.”

தண்டையும் சக்கரத்தின் துளையையும் விரலால் தடவிப் பார்த்தார். பிசிறு ஏதும் இல்லை. இரண்டு பேராகத் தூக்கிப் பொருத்தினார்கள். புது வாஷரை எடுத்துக் காதைக் குழியில் உட்கார வைத்தார். நட்டைக் கையால் ஓட்டி, ஸ்பானரைப் போட்டு, சுத்தியலால் அடித்தார். கொட்டகைக்குள் வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது.

“டார்ச்,” என்றார், யாரையும் பார்க்காமல்.

அரவிந்தன் ஆணியிலிருந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்து, வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றான். இந்தத் தடவை கண் அங்கேயே இருந்தது. இருவரும் பேசவில்லை.

உளியின் நுனி விளிம்புக்கடியில் நுழைந்தது. உதடு எழுந்தது. நட்டின் தட்டைப் பக்கத்தில் சாய்ந்தது. ஜெய்னுலாபுதீன் சின்னச் சின்ன அடியாக, ஒரு மயிரிழை இடைவெளியும் இல்லாமல் அதை ஒட்ட அடித்தார். பிறகு இன்னொரு பக்கத்தையும் மடக்கினார். ஒன்றே போதும் என்று அவர் சொல்லிக் கேட்டிருந்த அரவிந்தன், டார்ச்சை ஆட்டாமல் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

கைப்பிடியைப் போட்டுச் சுற்றியதும் என்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. வெளியே குழாய் இருமி, நுரைத்து, தண்ணீரைக் கக்கியது. வாய்க்காலில் அது ஓடிப்போகும் சத்தம் கேட்டது. சக்கரம் ஒரு நூல்கூட ஆடவில்லை.

“இது இனிமே கழலாது,” என்றார் ஜெய்னுலாபுதீன்.

பழைய தகட்டைத் தன் பையில் போட்டுக்கொண்டார். பையைத் தோளில் மாட்டினார். கயல்விழி வாசலில் ஒதுங்கி வழிவிட்டாள். மூஸா மாமாவின் வண்டியைக் கிளப்பப் போய்விட்டான். ஜெய்னுலாபுதீன் கிரீஸ் படிந்த நாற்காலியைத் தாண்டி, கொட்டகை நிலையைத் தாண்டி, வரப்பில் காலை வைத்தார்.

என்ஜின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்த வேண்டியிருந்தது அரவிந்தனுக்கு. கையில் டார்ச் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

“பாய்… நீங்க இன்னைக்கு வர்றதாச் சொன்னாங்க, காலையிலேயே கொடுவா வாங்கிட்டேன். ஆறியிருக்கும். ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போறீங்களா?”